இரண்டாவது பொங்கப்படி

ஜெயபிரியா நம்பாதவை உலகத்தில் இரண்டே இரண்டு. ஒன்று, தராசில் ஏற்றிக் காட்டாத சரக்கு. இன்னொன்று, "எல்லாம் சரியாத்தான் இருக்கு, நீ கண்ணை மூடிட்டுக் கையெழுத்தைப் போடு" என்று சொல்லுகிற ஆம்பிளைகள். முதலாவது கடைக்காரி புத்தி. இரண்டாவது பட்டு வந்த புத்தி.

பட்டது இப்படித்தான். அவளுடைய அப்பா காலமான வருடம் அண்ணன்மார் இரண்டு பேரும் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பத்திர ஆபீசில் உட்கார வைத்து, விரல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கினார்கள். அப்பா சொத்தில் எனக்கு இனி ஒரு பாத்தியமும் இல்லை என்று எழுதிக் கொடுக்கிற விடுதலைப் பத்திரம் அது. பிறகு ஓட்டலுக்குக் கூட்டிப்போய் நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு பட்டுப்புடவையும் எடுத்துக் கொடுத்தார்கள். இந்த மகராசியும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரி படித்துப் பார்க்கவில்லை. அந்த எரிச்சல் அண்ணன்மார் மேல் கொஞ்சம்தான், தன் மேல்தான் நிறைய. புடவை மடிப்புக் கலையாமல் இன்னும் பீரோவில் கிடக்கிறது.

அதனால் சொந்தமாக ஒரு இடம் வாங்குவது என்று முடிவானபோது, புருஷன் செந்தூர்வேலிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"இங்கேருங்க, எல்லாக் காயிதத்தையும் நான் படிப்பேன். புரியலைன்னா கேப்பேன். அவசரப்படுத்தினீங்கன்னா நடக்கிறதே வேற."

"நீ படி தாயி. நான் மூட்டை தூக்குதேன்" என்றான் அவன்.

அவசரம் இல்லாமலும் இல்லை. திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் அவர்களுடைய பலசரக்குக் கடை இருந்தது வாடகைக் கட்டடத்தில். கோயிலுக்கு வருகிற கூட்டம் பெருகப் பெருக, கட்டடக்காரருக்கு அதை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டுகிற ஆசை வந்துவிட்டது. பங்குனிக்குள் காலி பண்ணிவிடுங்கள் என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து இது மூன்றாவது "காலி பண்ணுங்கள்". அந்த வார்த்தையை இனி ஒரு தடவை கேட்டால் கடலில் போய் விழுந்துவிடுவேன் என்று ஜெயபிரியா சொன்னதில் பாதிதான் விளையாட்டு.

பரமன்குறிச்சி போகிற ரோட்டில் எட்டு சென்ட் இடம் கிடைத்தது. முன்பக்கம் ஒரு பழைய கருப்பட்டி குடோன், ஓடு போட்டது, சுவரெல்லாம் கெட்டி. முன்னால் கடை, பின்னால் வீடு என்று பார்த்த உடனேயே அவள் மனசுக்குள் குடிபோய்விட்டாள். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் வருகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து அந்தப் பக்கம் நிலத்து விலை மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. இதை விட்டால் அடுத்தது எட்டாது. அவள் கழுத்தில் கிடந்ததும் கையில் கிடந்ததும் அட்வான்ஸாகப் போய்ச் சேர்ந்தன. மீதிக்குப் பேங்கில் கடன்.

இடத்துக்காரர் சிவனாண்டி, கருப்பட்டி வியாபாரி, இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. மகன் சுடலைராஜ் பரமன்குறிச்சி வீட்டில் தாயோடு இருந்துகொண்டு உடன்குடியில் இரும்புக்கடை வைத்திருந்தான். நெற்றியில் திருநீறு, பேச்சில் தணிவு, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற மனுஷன். அப்பா வாங்கிய மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அவன்தான் கொண்டுவந்து கொடுத்தான். தூத்துக்குடியில் கிளாட்வின் வக்கீலிடம் அவற்றைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

வக்கீல் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வில்லங்கம் சுத்தமா இருக்கு. அடமானம் கிடையாது, வேற யாருக்கும் வித்ததும் கிடையாது."

செந்தூர்வேல் எழுந்தேவிட்டான். "அப்ப முடிச்சிருவோம் சார்."

"உக்காருங்க அண்ணாச்சி. வில்லங்கச் சான்றுல பதிஞ்சது மட்டும்தான் வரும். ஒருத்தர் செத்தது வராது, பிள்ளை பிறந்தது வராது, கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போனது வராது. சிவனாண்டி உயில் எழுதி வைக்கல. அப்ப சொத்து யாருக்கு?"

"மவனுக்கும் மவளுக்கும்" என்றாள் ஜெயபிரியா.

"பொண்டாட்டியை விட்டுட்டீங்களேக்கா. விதவைக்கும் பிள்ளைங்களோட சரிசமமா ஒரு பங்கு உண்டு. வாரிசுச் சான்றுல இந்த மூணு பேர்தான் இருக்காங்க. ஆனா அது அவங்களே போய்ச் சொல்லி வாங்கின பேப்பர். அதனால ஊருக்குள்ள ஒரு நடை போய் விசாரிச்சிட்டு வாங்க. வேற வாரிசு இல்லைன்னு தெரிஞ்சா நான் பேங்குக்கு எழுதிக் கொடுத்துருதேன்."

"இம்புட்டுக் காயிதத்தையும் வாங்கி வச்சுக்கிட்டு, கடைசில ஊருக்குள்ள போய்க் கேளுன்னு சொல்லுதீங்களே சார்."

கிளாட்வின் வக்கீல் சிரித்தார். "என்கிட்ட ஊர்க்காரன் எவன் உண்மை சொல்லுவான்? கருப்புக் கோட்டைப் பார்த்தாலே வாயைப் பூட்டிக்கிடுவான். நீங்க போங்க."

மறுநாளே பரமன்குறிச்சிக்குப் போனாள். டீக்கடையில் கேட்டாள், ரைஸ்மில்லில் கேட்டாள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டாள். எல்லார் வாயிலும் ஒரே பதில்தான் வந்தது. "சிவனாண்டிக்கு ஒரு மவன், ஒரு மவ. மவனுக்கு உடன்குடியில கடை. மவளைக் கோயம்புத்தூருக்குக் கட்டிக் கொடுத்திருக்கு." கீரைக்காரி மட்டும் பதில் சொல்லுவதற்கு முன்னால் கீரையை உருவுவதை நிறுத்திவிட்டு, பிறகு சொன்னாள். அதை ஜெயபிரியா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பும் வழியில் சிவனாண்டி வீட்டுக்கும் போனாள். அவர் மனைவி சண்முகத்தாய், ஒடிசலான உடம்பு, அதிகம் பேசாதவள், கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். வாசலில் நின்று ஒரு நிமிஷம் எதையோ சொல்ல வருவது போல முந்தானையைத் திருகினாள். "காப்பி இனிப்பு காணுமா, இன்னும் கொஞ்சம் போடவா?" என்றுதான் கேட்டாள். நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டு ஜெயபிரியா பஸ் ஏறினாள்.

தை பிறந்ததும் பத்திரம் என்று நாள் குறித்தார்கள்.

இனி பொங்கல் கூட்டத்துக்கு வருவோம். அந்த ஒரு வாரம் ஜெயபிரியாவுக்குத் தலை சீவ நேரம் இருக்காது. கட்டிக்கொடுத்த பெண்களுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கப்படி போக வேண்டும். பச்சரிசி, வெல்லம், பாசிப்பருப்பு, மஞ்சள் குலை, கரும்பு, பனங்கிழங்குக் கட்டு என்று ஒரு மகளுக்கு ஒரு படி. கையில் இல்லாதவர்கள்கூடக் கடன் சொல்லியாவது மகள் வீட்டுக்குப் படி கொடுத்துவிடுவார்கள். மகளுக்குப் பேரப்பிள்ளை பிறந்த பிறகும் அது நிற்காது. அதனால் எந்த வீட்டில் எத்தனை பெண் என்பது ஜெயபிரியாவுக்கு அத்துபடி. "எத்தனை படி?" என்று கேட்டால் போதும், குடும்பமே கணக்கில் வந்துவிடும்.

கூட்டம் பிதுங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் சண்முகத்தாய் கடைக்கு வந்தாள். அதற்கு முன் அந்தக் கடைக்கு அவள் வந்ததே இல்லை.

"வாங்க பெரியம்மா. எத்தனை படி?"

"ரெண்டு படி கட்டு."

ஜெயபிரியாவின் கை அரிசியை அள்ளிக்கொண்டிருந்தது. இரண்டாவது சாக்கில் பாதி நிரம்பியபோதுதான் கை நின்றது.

"ரெண்டா பெரியம்மா?"

"ரெண்டுதான்ளா." சண்முகத்தாய் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். "ஒண்ணைக் கோயம்புத்தூர் பஸ்சில போட்டுரு. இன்னொண்ணு இங்கன இருக்கட்டும், ஒரு ஆள் வந்து வாங்கிட்டுப் போவும். அதுல பனங்கிழங்கு கூட ஒரு கட்டு வையி. அதுக்குக் கிழங்குன்னா உசிரு."

அவ்வளவுதான். காசைக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் மீன் பெட்டி கட்டிய பைக்கில் ஒரு ஆள் வந்து நின்றான். வெயிலில் கறுத்த முகம், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா சுரூபம்.

"பரமன்குறிச்சி அம்மா ஒரு சாக்கு வச்சிருக்காவன்னு ஆள் வந்து சொல்லிச்சு அக்கா."

"எந்த ஊரு நீங்க?"

"ஆலந்தலை. அம்புரோஸ்னு பேரு."

"அவங்களுக்கு நீங்க என்ன முறை?"

"வேண்டியவுகதான்" என்று சொல்லி அவன் கயிற்றை இறுக்குவதில் மும்முரமானான். அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டு பேசினான். "வாங்கிட்டேன் சந்தனம். ஆமா, உங்க அம்மை கிழங்கு கூட வச்சிருக்காவ. அழாத, போனை வச்சிருதேன்."

ஜெயபிரியா கல்லாவை விட்டு வாசலுக்கு வந்தாள். பைக் தெரு திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். எட்டு சென்ட், கருப்பட்டி குடோன், பின்னால் கட்டப்போகிற அடுக்களை, எல்லாம் அந்தப் பைக்கின் பின்னாலேயே போவது மாதிரி இருந்தது.

செந்தூர்வேலிடம் சொன்னபோது அவன் தலையில் கையை வைத்தான்.

"ஏளா, உனக்கு வேற வேலையே இல்லையா? ஊரே ஒரு மவன், ஒரு மவள்னு சொல்லுது. சான்றுல மூணு பேரு. வக்கீல் சரிங்காரு, பேங்கு சரிங்குது. நீ மட்டும் பனங்கிழங்கை எண்ணி வாரிசு கண்டுபிடிக்கே!"

"இன்னொரு மக இருக்கா. சந்தனம்னு பேரு. ஆலந்தலையில கிறிஸ்தவ வேதக்காரரைக் கட்டியிருக்கா."

"இருக்கட்டும். நம்மகிட்ட யாரும் சொல்லல. நமக்குத் தெரியாது. பத்திரம் முடியட்டும், அப்புறம் அது அவங்க பாடு."

"நமக்குத் தெரியுமேங்க."

பங்குனி நெருங்குகிறது என்பதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்கும் மனசு வரவில்லை.

வக்கீலுக்குப் போன் போட்டாள். அவர் சுற்றி வளைக்கவில்லை. "அந்தப் பொண்ணு கையெழுத்து இல்லாம நீங்க வாங்கினா, நாலுல ஒரு பங்கு உங்களுக்கு வந்து சேராது. எப்ப வேணும்னாலும் அவ கோர்ட்டுக்குப் போலாம். மதம் மாறியிருந்தாலும் அப்பன் சொத்துல அவ பங்கு போகாது. இன்னொண்ணு, தெரியாம வாங்கிட்டேன்னு சொல்ல இனி உங்களுக்கு வாய் இல்லைக்கா."

இத்தனைக்கும் ஊர்க்காரர்கள் பொய் சொல்லவில்லை, அதுதான் ஆச்சரியம். முழு விஷயமும் பின்னால் கீரைக்காரியிடமிருந்துதான் வந்தது. சந்தனச்செல்வி, இரண்டாவது மகள், திருச்செந்தூரில் வேலைக்குப் போன இடத்தில் அம்புரோஸைப் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டாள். சேதி வந்த அன்றைக்குச் சிவனாண்டி ஊர்க் கிணற்றடிக்குப் போய், நாலு பேர் பார்க்க, செத்தவர்களுக்கு முழுகுவது போல வாளி வாளியாய்த் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். இன்றைக்கோடு எனக்கு ஒரே மகள் என்று சொல்லிவிட்டு ஈரத்தோடு வீட்டுக்கு நடந்தார். அப்பன் தலைமுழுகிவிட்டால் முழுகினதுதான். அதற்குப் பிறகு அந்த ஊரில் அந்தப் பெயரை எவரும் சொல்லுவதில்லை, அந்தத் தலையை எவரும் எண்ணுவதில்லை. சுடலைராஜ் சான்றுக்கு எழுதிக் கொடுத்தபோதும் தங்கை ஒருத்தி என்றுதான் எழுதினான். மறைக்கிறோம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. தண்ணீர் ஊற்றினால் சட்டமும் நனைந்துவிடும் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தால் அவன் மட்டும் என்ன செய்வான்!

ஜெயபிரியா ஆலந்தலைக்குப் போனாள். தேவாலயத்துக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. சந்தனச்செல்வி மீன் அரிந்துகொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தாயின் அதே ஒடிசல், ஆனால் வாய் மட்டும் தாராளம். மூலையில் அந்தப் பொங்கப்படிச் சாக்கு பாதி காலியாகிக் கிடந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அவள் அந்தச் சாக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குப் பங்கு இருக்கா? நெசமாவா?"

"இருக்கு. வேண்டாம்னா எழுதியும் கொடுக்கலாம். ஆனா படிச்சுப் பார்க்காம ஒண்ணுலயும் கையெழுத்துப் போடாத. நான் போட்டவ, அதனால சொல்லுதேன்."

"வேண்டாம்னு சொல்ல நான் என்ன சாமியாரா அக்கா? அப்பாவுக்குக் கருப்பட்டி சிப்பம் கட்டிக் கட்டி என் விரலெல்லாம் வெடிச்சிருக்கு. எம் பங்கை நான் வாங்கிக்கிடுவேன். உங்களுக்கு நிலத்தையும் எழுதித் தருவேன்." அவள் முகம் மாறியது. "ஆனா நீங்க கூப்பிட்டு நான் வரமாட்டேன். அந்த வீட்டிலயிருந்து ஒரு ஆள் எம் பேரைச் சொல்லிக் கூப்பிடணும். கல்யாணமாகி மூத்தது எட்டாவது படிக்கான். இன்னும் ஒருத்தரும் கூப்பிடல. படி மட்டும் வருது, எம் மவளுக்குன்னு ஒரு சொல் இல்லாம, களவாண்ட சாமான் வார மாதிரி வருது."

சொல்லி முடிப்பதற்குள் அவள் அழுதுவிட்டாள். ஜெயபிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் அண்ணன்மாராவது காரில் கூட்டிப்போய் ஏமாற்றினார்கள், இவளை ஏமாற்றுவதற்குக்கூட ஒருத்தரும் கூப்பிடவில்லையே என்று நினைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெயபிரியாவும் செந்தூர்வேலும் பரமன்குறிச்சி வீட்டில் போய் உட்கார்ந்தார்கள். ஜெயபிரியா பேசப் பேசச் சுடலைராஜின் தணிவெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"என் வாசல்ல உக்காந்துட்டு அந்தப் பேரைச் சொல்லாதீங்க. எங்க அப்பா தலைமுழுகின சனியன் அது."

"அண்ணாச்சி, தலைமுழுகினா சொந்தம் விடும். பங்கு விடாது. சட்டம் அப்படி."

"சட்டத்தை நீங்களே வச்சுக்கிடுங்க. உங்க அட்வான்ஸை நாளைக்கே தாரேன். நாகர்கோவில் ஆள் ஒருத்தர் கூடப் போட்டு வாங்க ரெடியா இருக்காரு. அவரு பனங்கிழங்கு எண்ணமாட்டாரு."

செந்தூர்வேல் ஜெயபிரியாவின் முழங்கையைத் தொட்டான். எழுந்து போய்விடலாம் என்று அவளுக்கும் தோன்றியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்நேரம் குடோனுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருக்கலாம். இருந்தாலும் மனசில் பட்டதைச் சொல்லாமல் அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

"எவருக்கு வித்தாலும் நாலு கையெழுத்து வேணும் அண்ணாச்சி. உங்களுது, கோயம்புத்தூர் தங்கச்சியோடது, சந்தனத்துது, அம்மாவுது."

"அம்மா கையெழுத்து என்ன பெரிய கையெழுத்து? நான் சொன்னா வைப்பா."

அடுக்களை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்த சண்முகத்தாய் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏளா, என் கை எதுக்கு? சாட்சிக்கா?"

"சாட்சிக்கு இல்லை பெரியம்மா. உங்க பங்கை விக்கிறதுக்கு. நாலுல ஒண்ணு உங்களுது."

"எனக்கா? பங்கா?"

"உங்களுக்குத்தான். நீங்க கை வைக்கலைன்னா உங்க பங்கை எவராலயும் விக்க முடியாது. அதை விட்டுட்டு மிச்சத்தை வாங்கவும் எவனும் வரமாட்டான்."

சண்முகத்தாய் தன் வலது கைப் பெருவிரலை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் வந்து, மகன் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மகன் எதிரே அவள் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வீடு பார்த்ததில்லை.

"அப்ப சந்தனம் வரட்டும்" என்றாள்.

"அம்மா!"

"சந்தனம் வந்து நிக்கட்டும். மூணு பிள்ளையும் நின்னா நான் கை வைக்கேன். இல்லைன்னா இல்லை."

"அப்பா தலைமுழுகினவளையில்லா நீ கூப்பிடுதே! ஊரு காறித் துப்பும்."

"உங்கப்பா முழுகினாவ. நான் முழுகலியேடா." அவள் நிறுத்தவில்லை. "அவுக கிணத்தடியில ஊத்திக்கிட்டு நின்னப்ப நான் அடுப்படியில குத்த வச்சிருந்தேன். ஒரு சொட்டுத் தண்ணி என் தலையில விழல. நீயும் கேக்கல, அவுகளும் கேக்கல." பிறகு ஜெயபிரியாவின் பக்கம் திரும்பினாள். "நீயும்தான்ளா கேக்கல. ஊரெல்லாம் போய், சிவனாண்டிக்கு எத்தனை பிள்ளைன்னு கேட்டே. என் கையால காப்பியும் வாங்கிக் குடிச்சே. எனக்கு எத்தனை பிள்ளைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். அதுக்குத்தான் உன் கடையைத் தேடி வந்து ரெண்டு படி கட்டச் சொன்னேன்."

ஜெயபிரியாவுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. காகிதத்தை எல்லாம் வரி வரியாகப் படித்தவள், பெற்றவளிடம் கேட்கவேண்டும் என்று தோன்றாமல் போய்விட்டாளே! "தப்புத்தான் பெரியம்மா" என்றாள்.

சுடலைராஜ் எழுந்து வெளியே போய்விட்டான். அன்றைக்கு ஒன்றும் முடியவில்லை. அதற்கப்புறமும் இரண்டு வாரம் அவன் தாயோடு பேசவில்லை. தாய் சமைத்து வைத்தாள், அவன் சாப்பிட்டான், பேச்சுத்தான் இல்லை. நாகர்கோவில் ஆளைக் கூட்டிவந்தபோது, அவருடைய வக்கீல் கேட்பதற்கு முன்னாலேயே சண்முகத்தாய் வாசலில் நின்று, "எனக்கு மூணு பிள்ளை அய்யா" என்று சொல்லிவிட்டாள். அந்த ஆள் வந்த காரிலேயே திரும்பிப் போனார். பிறகு ஒருநாள் சுடலைராஜே கிளாட்வின் வக்கீலுக்குப் போன் செய்து, புதுச் சான்று வாங்க என்னென்ன வேண்டும் என்று கேட்டான். ஆலந்தலைக்குப் போன் போட்டவள் சண்முகத்தாய். "ஏளா சந்தனம்" என்று மட்டும் சொன்னாளாம்.

ஆனால் நல்லது நடந்துவிட்டது என்பதற்காகப் பங்குனி காத்திருக்குமா? பழைய சான்றை மாற்றிப் புதுசு வருவதற்குள் கடையைக் காலி பண்ண வேண்டியதாயிற்று. சொந்தக்காரர் ஒருவரின் தகரக் கொட்டகையில் சரக்கை அடுக்கி, கோடை முழுவதும் ஜெயபிரியா வெந்தாள். வெல்லம் உருகி ஓடியது. "கிழங்கை எண்ணினியே, அதையும் கொஞ்சம் எண்ணு" என்று செந்தூர்வேல் உருகின வெல்லத்தைக் காட்டிக் குத்திக் காட்டுவான். ஆனால் அவள் திரும்பி முறைத்தால் சிரித்துவிடுவான். அவனும் அந்தத் தகரத்துக்குக் கீழேதான் வெந்தான். ஒருநாள்கூட, சும்மா இருந்திருக்கலாம் என்று அவன் சொல்லவில்லை.

ஆனி மாதத்தில் பத்திரம் முடிந்தது. கோயம்புத்தூர் மகள் முதல் நாளே வந்துவிட்டாள். சந்தனச்செல்வி அம்புரோஸோடு பைக்கில் வந்து இறங்கி, திருச்செந்தூர் பத்திர ஆபீஸ் வேப்ப மரத்தடியில் தயங்கி நின்றாள். சண்முகத்தாய் நடந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சுடலைராஜ் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் டீ வாங்கி வந்தவன், அம்புரோஸுக்கும் ஒன்று வாங்கி வந்தான். கையில் கொடுக்காமல், அவன் பக்கத்துச் சுவரில் வைத்துவிட்டுப் போனான். அம்புரோஸ் அதை எடுத்து ஆற்றிக் குடித்தான்.

பத்திரத்தை ஜெயபிரியா முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள். "சிவனாண்டி மகள் சந்தனச்செல்வி" என்ற இடத்தை இரண்டாம் தடவையும் படித்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி சண்முகத்தாயிடம் கேட்டார். "சம்மதிச்சுத்தான் விக்கிறீங்களாம்மா?"

"சம்மதம்."

"பிள்ளைங்க எத்தனை பேர்?"

அது அவர் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. சண்முகத்தாய் பின்னால் நின்ற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"மூணு" என்றாள். வராந்தாவில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள். "மூணும் இங்கனதான் நிக்கி."

விரலை வைத்தாள். ஜெயபிரியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இடம் கைக்கு வந்த சந்தோஷம் என்று செந்தூர்வேல் நினைத்துக்கொண்டான், அதுவும்தான்.

வெளியே வந்தபோது சுடலைராஜ் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். "அம்மா, ஏறு."

"நீ போ. நான் வாரேன்" என்றாள் சண்முகத்தாய். பைக்கில் மூன்று பேர் போக முடியாது. அம்புரோஸும் சந்தனச்செல்வியும் என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சண்முகத்தாய் மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜெயபிரியாவிடம் வந்தாள். ஆலந்தலை அங்கிருந்து பஸ்சில் பத்து நிமிஷம்தான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் மகள் வீட்டுக்குப் போனதில்லை.

"ஏளா," என்றாள் மெதுவாக, "ஆலந்தலைக்கு பஸ் எங்கன நிக்கும்?"